ஐந்து துறைமுகங்களும் ஒரு நூடுல்ஸ் கடையும்: கொரியச் ‘சுயாதீன’ இசைவிழா ஒன்றை முன்வைத்து

பெயர்களிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. தென்கொரியாவில் கோடைதோறும் நடக்கிற பெரிய ராக் விழாவுக்குப் பெயர் இஞ்சோன் பென்டாபோர்ட் ராக் விழா. பென்டாபோர்ட் என்றால் ஐந்து துறைமுகங்கள். கப்பல், மாலுமி, உப்புக்காற்று என்று நம் கற்பனை ஓடும். அதெல்லாம் ஒன்றுமில்லை. விமானத் துறைமுகம், கடல் துறைமுகம், தொலைத்தொடர்புத் துறைமுகம், வணிகத் துறைமுகம், பொழுதுபோக்குத் துறைமுகம் என்று இஞ்சோன் நகர நிர்வாகம் தன்னுடைய வளர்ச்சித் திட்டத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. 1999ல் இதற்கு முன்னோடியாக ஒரு விழா நடந்தபோது துறைமுகங்கள் மூன்றுதான். விழாவின் பெயரும் ட்ரைபோர்ட். முதல் நாள் கொட்டுகிற மழையில் டீப் பர்ப்பிள் வாசித்தார்கள், இரண்டாம் நாள் விழாவே மழையோடு போய்விட்டது. 2006ல் மறுபடி எழுந்து வந்தபோது துறைமுகங்கள் ஐந்தாகியிருந்தன. இடம் சொங்தோ. கடற்கரைச் சேற்றுநிலத்தைத் தூர்த்து எழுப்பிய புதுநகரம். ஆக, கலகக்குரல் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு இசை, மனைவணிகத்தின் முழக்கத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு மேடையேறுகிறது. இதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. வந்த இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் அர்த்தம் தெரிந்திருக்கும் என்பதே சந்தேகம்.

இன்னொரு பெயர்: ‘நியூடவுன் கல்ச்சர் பார்ட்டி 51+’. இது 2010 மே முதல் தேதி சியோலில், இடிப்பதற்காக மிச்சம் வைத்திருந்த ஒரு நூடுல்ஸ் கடையில் நடந்த விழா. 51 என்பது மே 1. 51 குழுக்கள் வாசிக்கும் என்ற அறிவிப்பும் அதற்குள் இருக்கிறது. அந்த ‘+’ குறி, இன்னும் யார் வந்தாலும் சரி என்பதற்கு. கடைசியில் அறுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் வந்து சேர்ந்தன. ‘நியூடவுன்’ என்பது 2002ல் லீ மியோங்-பாக் சியோல் மேயராக வந்தபிறகு தொடங்கிய மறுகட்டுமானத் திட்டத்தின் பெயர். பழைய குடியிருப்புகளை மொத்தமாக வழித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்புவது. அதே மனிதர் 2008ல் ஜனாதிபதியும் ஆனார். இங்கும் விழா, ஆட்சியின் முழக்கத்தைத்தான் பெயராக எடுத்துக்கொள்கிறது. ஆனால் எடுத்துக்கொள்கிற விதம் வேறு. திருடனின் சட்டையைப் போட்டுக்கொண்டு திருடன் வீட்டு வாசலிலேயே ஆடுகிற மாதிரி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த இரண்டு விழாக்களுக்கும் போனவன் அல்ல. எனக்குக் கிடைத்தவை ஒலிப்பதிவுகளும் எழுதப்பட்டவையும், ஜங் யோங்-தேக் இயக்கி 2014ல் திரைக்கு வந்த ‘பார்ட்டி 51’ என்ற ஆவணப்படமும்தான். ஆகவே இது விழா பற்றிய வர்ணனை அல்ல. ‘சுயாதீனம்’ என்று நாம் எல்லோரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்கிற அந்தச் சொல்லை, இந்த நூடுல்ஸ் கடையை வைத்துக் கொஞ்சம் உரசிப் பார்க்கும் முயற்சி.

கடையின் பெயர் துரிபான். பலபேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற வட்டமான பெரிய சாப்பாட்டு மேசைக்குக் கொரிய மொழியில் அதுதான் பெயர். ஆன் ஜோங்-ன்யோ என்ற பெண் 2005ல் ஹோங்தே பகுதியின் ஓரத்தில் அதைத் தொடங்கினார். விற்றது ‘கால்குக்சு’, அதாவது மாவைத் தட்டிக் கத்தியால் நறுக்கிக் கொதிக்கும் சாற்றில் போடுகிற நூடுல்ஸ். அவருடைய கணவர் யூ சே-ரிம் நாவலாசிரியர். எழுத்தாளன் வீட்டில் சோறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அங்கேயும் விடை ஒன்றுதான் போலிருக்கிறது.

இஞ்சோன் விமான நிலையத்திலிருந்து சியோல் நகருக்குள் வருகிற ரயில்பாதை ஹோங்தே வழியாக வரப்போகிறது என்று ஆனதும் நிலத்தின் விலை ஏறிற்று. கட்டிடங்கள் கைமாறின. வாடகைக்காரர்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். இங்கே கொரியாவின் கடை வாடகை முறையைப் பற்றி ஒரு விவரம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் விஷயம் புரியாது. நம் கடைத்தெருவில் ‘பகடி’ என்று வாங்குவார்களே, அதைப்போல் அங்கே ‘க்வொல்லிகும்’ என்று ஒன்று உண்டு. புதிதாக வருகிற வாடகைக்காரர், ஏற்கெனவே அங்கே கடை நடத்தியவருக்கு, அவர் உண்டாக்கி வைத்த வாடிக்கைக்கும் அடுப்படிக்கும் சேர்த்துக் கொடுக்கிற பணம். வாழ்நாள் சேமிப்பும் கடனும் அதில்தான் போய் உட்காரும். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பணம் அப்போது தெரியாது. கட்டிடத்தை இடிப்பது என்று முடிவானால் வாடகைக்காரருக்கு ஐந்து வருட ஒப்பந்தப் பாதுகாப்பும் செல்லாது. துரிபானுக்குத் தருவதாகச் சொன்னது இடம்பெயரும் செலவுக்கு 30 லட்சம் வொன். அந்தத் தொகையில் அந்த வட்டாரத்தில் ஒரு மூலையைக்கூடப் பிடிக்க முடியாது.

2009 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கூலியாட்கள் வந்து சாமான்களைத் தூக்கி வெளியே போட்டு, கடையைத் தகரத்தால் அடைத்துவிட்டுப் போனார்கள். பண்டிகை கழிந்த கையோடு ஆன் ஜோங்-ன்யோ தகரத்தைப் பிரித்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அதே வருடம் ஜனவரி 20 அன்றுதான் யோங்சானில், காலிசெய்ய மறுத்துக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் ஏறி நின்றவர்கள்மீது போலீஸ் அதிரடிப்படை இறங்கி, தீப்பிடித்து, போராடியவர்கள் ஐந்து பேரும் போலீஸ்காரர் ஒருவரும் செத்துப்போயிருந்தார்கள். அந்தப் புகை அடங்காத வருடம் அது. உள்ளே போய் உட்காருவது என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இப்போது இசைக்காரர்கள் வருகிறார்கள். ஏன் வந்தார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை.

ஹோங்தே என்பது ஹோங்கிக் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள பகுதி. அந்தப் பல்கலைக்கழகம் ஓவியப் படிப்புக்குப் பேர்போனது. குறைந்த வாடகைக்குக் கிடைத்த அடித்தளங்களை ஓவியர்கள் பட்டறையாக்கினார்கள், பின்னால் அதே அடித்தளங்களில் ராக் குழுக்கள் புகுந்தன. 1994ல் திறந்த ‘ட்ரக்’ என்ற மன்றத்திலிருந்து கிரையிங் நட் போன்ற பங்க் குழுக்கள் கிளம்பின. இந்தக் காலத்துக்குப் பின்னால் நீண்ட தடைகளின் வரலாறு இருக்கிறது. கொரிய ராக்கின் தந்தை என்று சொல்லப்படும் ஷின் ஜூங்-ஹியோன் 1975ல் கஞ்சா வழக்கில் உள்ளே போனார், அவருடைய பாட்டுகளும் தடைசெய்யப்பட்டன. இசைத்தட்டு வெளிவருமுன் அரசாங்கத்திடம் காட்டி அனுமதி வாங்கும் முறை 1996 வரை இருந்தது. ஜோங் தே-சுன் என்ற பாடகர் அனுமதி வாங்காமலே தட்டு வெளியிட்டு வருடக்கணக்கில் சண்டை போட்டதும் அந்த முறை ஒழிந்ததற்கு ஒரு காரணம். இது பலரும் எழுதியது. குறைவாக எழுதப்பட்டது உணவு சுகாதாரச் சட்டம். ஹோங்தேயின் இசைமன்றங்கள் சட்டப்படி உணவகங்கள். உணவகமாகப் பதிவான இடத்தில் குழுவாக வாத்தியம் வாசிப்பது 1999 வரை குற்றம். தணிக்கை போன பிறகும் மூன்று வருடம், நாலு பேர் சேர்ந்து கிதாரும் டிரம்முமாய் வாசித்தால் ‘சாப்பாட்டுக் கடை விதிமீறல்’ என்று அபராதம் போட முடிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அதிகாரம் எப்போதும் பாட்டின் வரிகளைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அது இடத்தைப் பார்க்கிறது. எந்த வெளியில் என்ன செய்யலாம், எத்தனை பேர் செய்யலாம், உரிமம் என்ன சொல்கிறது என்று பார்க்கிறது. கருத்து, உள்ளடக்கம், செய்தி என்று நாம்தான் இன்னும் வரிகளிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டுக் கடையில் இசை கூடாது என்று ஒரு காலத்தில் சொன்ன நகரத்தில், சாப்பாடு போடமுடியாமல் அடைக்கப்பட்ட கடை ஒன்று இசைமன்றமாகிறது. இதை வெறும் முரண்நகை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இரண்டு இடத்திலும் பிரச்சினை ஒன்றுதான்: வாடகைக்கு இருப்பவன் அந்த இடத்தில் என்ன செய்யலாம், எத்தனை நாள் செய்யலாம்?

முதலில் வந்தவர்கள் ஒன்றும் அரசியல் இயக்கத்தார் அல்ல. பெரிய மன்றங்களில் வாய்ப்புக் கிடைக்காத, அல்லது வாய்ப்புக் கிடைத்தும் கூலி கிடைக்காத ஆட்கள். ஹான் பாத் என்று ஒருவர், ‘அமெச்சூர் ஆம்ப்ளிஃபையர்’ என்றும் ‘யமகட்டா ட்வீக்ஸ்டர்’ என்றும் இரண்டு பெயர்களில் பாடுகிறவர். ஒற்றைக் கிதாரோடு பாடும் ‘ஹோகிதோங் தான்பியோன்சொன்’. பழைய ப்ளூஸ் பாணியைப் பிடித்துக்கொண்ட ஹா ஹோன்-ஜின். சத்தத்தையே இசையாக்கும் பாக் தா-ஹாம். ‘பாம்சோம் கொள்ளையர்கள்’ என்ற இரண்டு பேர் குழு. அவர்களுக்கு வாசிக்க ஒரு இடம் வேண்டும். ஆன் ஜோங்-ன்யோவுக்குக் கடையில் ஆள் வேண்டும். ஆள் இல்லாத இரவில்தான் கூலிப்படை வரும். இப்படி ஆரம்பித்த கொடுக்கல்வாங்கல் இது. தியாகம், ஆதரவு, ஒருமைப்பாடு போன்ற பெரிய சொற்களெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. வாரத்தில் சில நாள் கச்சேரி, ஒரு நாள் ஆவணப்படம், ஒரு நாள் கிறிஸ்தவர்களின் மெழுகுவர்த்தி வழிபாடு. அதன் உச்சமாகத்தான் மே தினத்தில் 51+.

அந்த நாளில் கட்டிடத்தின் அடித்தளம், மாடி, வெளியே பக்கத்துக் கட்டிடங்களை இடித்துப்போட்ட காலிமனை என்று ஒரே சமயத்தில் பல மேடைகள். கூட்டம் ஆயிரக்கணக்கில். உலக வடிவமைப்புத் தலைநகரம் என்று சியோல் பட்டம் சூடிக்கொண்ட வருடம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் பக்தினை இழுக்காவிட்டால் நம் பத்திரிகைகளில் கட்டுரை செல்லாது. எனவே இழுத்துவிடுகிறேன். மக்கள் திருவிழாவில் பார்ப்பவர், நடிப்பவர் என்ற பிரிவினை கிடையாது என்பார் அவர். யமகட்டா ட்வீக்ஸ்டர் செய்வது கிட்டத்தட்ட அதுதான். மின்னணு டிஸ்கோவைப் பெட்டியில் ஓடவிட்டு, ஆடிக்கொண்டே பார்வையாளர்களை இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். மேடை காலியாகிவிடும். தன்னை அவர் ‘மின்ஜுங் கேளிக்கையாளன்’ என்று சொல்லிக்கொள்கிறார். மின்ஜுங் என்றால் மக்கள். 1980களின் ஜனநாயகப் போராட்டத்தில் கொரியாவில் அந்தச் சொல்லுக்கு இருந்த கனம் சாதாரணமல்ல. மின்ஜுங் இறையியல், மின்ஜுங் ஓவியம், மின்ஜுங் பாடல் என்று எல்லாவற்றின் நெற்றியிலும் அது இருந்தது. அதன் பக்கத்தில் கொண்டுபோய்க் ‘கேளிக்கை’யை வைத்தால் மூத்த தோழர்கள் முகம் சுளிக்காமல் என்ன செய்வார்கள்?

முகம் சுளித்த ஒரு தோழர் எனக்கும் உண்டு. படத்தைச் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் கேட்டார்: “ஏம்ப்பா, ஒரு பாட்டுலகூட அந்தம்மா கடையைப் பத்தி ஒழுங்கா ஒரு வரி இல்லியே. சத்தம் போடறானுங்க, குதிக்கிறானுங்க. இதுல என்ன அரசியல் இருக்கு?” நியாயமான கேள்விதான். 1980களின் கொரிய மின்ஜுங் பாடல் மரபு அவர் எதிர்பார்த்ததைத் தந்திருக்கும்: அணிவகுப்புத் தாளம், எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய பல்லவி, தெளிவான எதிரி. நான் அந்த மரபைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மரபில் கலைஞன் போராட்டத்துக்கு வெளியிலிருந்து வருகிறவன். போராட்டம் வேறொருவருடையது, இவன் அதற்குப் பாட்டை எடுத்துக்கொண்டு வருகிறான். வரிசையில் அவன் பெயர் பேச்சாளருக்கு முன்னால், கூட்டம் சேர்ப்பதற்காக. 51+ல் இந்த ஏற்பாடு குலைந்துபோகிறது. இசைக்காரர்கள் தங்கள் வழக்கமான பாட்டையே வாசித்தார்கள், ஏனென்றால் காலிசெய்யச் சொல்லப்பட்ட வெளி அவர்களுடையதாகவும் இருந்தது. வரியில் அரசியல் இல்லை என்று தோழர் சொல்வது பாதி உண்மை. வாசித்த இடத்தில் அது இருந்தது. அன்று அங்கே எழுந்த ஒவ்வொரு சத்தமும், இன்னும் இங்கே ஆள் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

பாதி உண்மை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வரிகளையும் பெயர்களையும் தோழர் கவனமாகப் பார்க்கவில்லை. பாம்சோம் என்பது ஹான் ஆற்றின் நடுவே இருக்கும் சின்னத் தீவு. 1968ல் யோயிதோ என்ற பக்கத்துத் தீவை நவீன நகரமாக்கக் கல் தேவைப்பட்டபோது, பாம்சோமில் இருந்த குடும்பங்களை அப்புறப்படுத்திவிட்டுத் தீவை வெடிவைத்துத் தகர்த்தார்கள். யோயிதோவில் இன்று நாடாளுமன்றமும் பங்குச்சந்தை நிறுவனங்களும். மிஞ்சிய பாறைகளில் ஆறு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்து, தீவு தானாக வளர்ந்தது. பறவைகள் வந்தன. 2012ல் ராம்சர் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட ஈரநிலமாக்கினார்கள். மனிதர்களைத்தான் திரும்ப விடவில்லை. அந்தத் தீவின் ‘கொள்ளையர்கள்’ என்று இரண்டு பையன்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். கிதார் கிடையாது, ஒரு பேஸ், ஒரு டிரம், சில நொடிகளில் முடிந்துவிடுகிற கத்தல்கள். அவர்களுடைய இசைத்தட்டின் பெயர் ‘சியோல் தீக்கடல்’. 1994ல் சியோலைத் தீக்கடலாக்குவோம் என்று வடகொரியத் தரப்பு விட்ட மிரட்டல் தெற்கில் எல்லோருக்கும் மனப்பாடம். அதை எடுத்துத் தட்டின் அட்டையில் போட்டார்கள். யோங்சானுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கிறவருக்கு, சியோலில் தீ வைப்பது யார் என்ற கேள்வி வராமல் இருக்காது.

இந்த விளையாட்டு எங்கே போய் முட்டியது என்றும் பார்க்கவேண்டும். இவர்களுடைய தட்டுகளை வெளியிட்டவரும் புகைப்படக்காரருமான பாக் ஜோங்-குன், வடகொரிய அரசாங்கத்தின் ட்விட்டர் செய்திகளைக் கேலியாக மறுபதிவு செய்ததற்காக, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2012 ஜனவரியில் கைதானார். ‘எதிரியைப் புகழ்ந்தார்’ என்பது குற்றச்சாட்டு. கேலி என்று அவர் சொன்னார். முதல் நீதிமன்றம் பத்து மாதச் சிறை என்று தீர்ப்பளித்துத் தண்டனையை நிறுத்திவைத்தது. 2013ல் மேல்முறையீட்டில்தான் விடுதலை, 2014ல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஜங் யூன்-சுக் எடுத்து 2017ல் வந்த இன்னொரு ஆவணப்படத்தில் இந்தக் கதை வருகிறது. ஒரு நையாண்டியை நேர்ப்பொருளில் மட்டும் வாசிக்கிற உரிமையை அரசு தனக்கு எடுத்துக்கொள்ளும்போது இலக்கிய விமரிசனம் நீதிமன்ற வேலையாகிவிடுகிறது. எங்கள் தோழரும், வேறு காரணத்துக்காகத்தான் என்றாலும், அதே நேர்ப்பொருள் வாசிப்பைத்தான் செய்தார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார்.

கொரிய மொழியிலேயே ஒரு சொல் விவகாரம் உண்டு. ‘இண்டி’ என்ற ஆங்கிலச் சொல் அங்கே தொண்ணூறுகளிலிருந்து புழங்குகிறது. 2000க்குப் பிறகு அது ஒரு சந்தைப்பிரிவின் பெயராக, மென்மையான கிதார், காபிக்கடை, நல்ல சட்டை என்று பொருள்படத் தொடங்கிற்று. துரிபானில் கூடியவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ‘ஜாரிப்’ என்றார்கள். தன்காலில் நிற்பது. அரசியல் விடுதலைக்கு வழங்கும் ‘தொக்னிப்’ வேறு, இது வேறு. நாம் ‘சுயாதீனம்’ என்று எழுதுவதில் யாருக்கும் கட்டுப்படாத ஒரு மனநிலையின் தோரணைதான் தூக்கலாக இருக்கிறது. ‘தன்காலில் நிற்பது’ என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: சரி, நிற்பதற்குக் காலுக்குக் கீழே தரை யாருடையது? 51+ முடிந்த கையோடு இசைக்காரர்கள் பேசத்தொடங்கியது அழகியல் அல்ல. நுழைவுக்கட்டணத்தை எப்படிப் பிரிப்பது, ஒலிக்கருவியை யார் வாங்குவது, தட்டுப்போடக் கடன் எங்கே கிடைக்கும் என்பவை. அந்தப் பேச்சிலிருந்து 2011ல் ‘ஜாரிப் இசை உற்பத்தியாளர் கூட்டுறவு’ பிறந்தது. ‘கலைஞர்’ என்று போடாமல் ‘உற்பத்தியாளர்’ என்று போட்டதைக் கவனிக்கவேண்டும்.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 2010 நவம்பரில் ‘நிலவொளித் தேவதை’ என்று தொடங்கும் நீண்ட பெயரில் தனியாளாகப் பாடிவந்த லீ ஜின்-வொன், 37 வயதில் செத்துப்போனார். பாதி நிலத்துக்குக் கீழே இருக்கிற வாடகை அறையில் பக்கவாதம் வந்து விழுந்து, உடனே பார்க்க ஆளில்லாமல் கிடந்திருக்கிறார். ஓரளவு பெயர் தெரிந்த பாடகர். இணையத்தில் பாட்டு விற்கிற நிறுவனங்கள் பாடியவனுக்கு என்ன தருகின்றன என்ற சண்டை அவருடைய சாவுக்குப் பிறகுதான் பொதுவெளிக்கு வந்தது.

இனி, இந்த விழாவைக் கொண்டாடுகிறவர்கள் தொடத் தயங்குகிற பக்கம். ஹோங்தேயின் நிலம் விலையேறியதற்கு ரயில்பாதை மட்டும் காரணமல்ல. அங்கே ‘ஏதோ நடக்கிறது’ என்ற பெயரை உண்டாக்கியவர்கள் இதே இசைக்காரர்கள்தாம். டேவிட் ஹார்வி ‘வாடகையின் கலை’ என்ற கட்டுரையில் இதைத்தான் சொல்கிறார்: வேறெங்கும் கிடைக்காத ஒரு தனித்தன்மை ஒரு இடத்துக்கு இருக்கிறது என்று நிறுவிவிட்டால், அதைக் காட்டி ஏகபோக வாடகை வசூலிக்கலாம், பண்பாடு அந்தத் தனித்தன்மையை உற்பத்தி செய்துகொடுக்கிறது. அடித்தளத்தில் வியர்வை நாற்றத்தோடு வாசித்த பையன், பத்து வருடத்தில் தன் தலைக்கு மேலே இருக்கும் மாடியின் வாடகையை மூன்று மடங்காக்குவதற்கு இலவசமாக உழைத்திருக்கிறான். கடைசியில் அந்த வாடகையைக் கொடுக்கமுடியாமல் வெளியே போகிறவனும் அவன்தான். அவனுக்கு முன்னால் போகிறவர், அவன் கச்சேரி முடிந்து பசியோடு போய்ச் சாப்பிட்ட நூடுல்ஸ் கடைக்காரர். ஆகவே இசைக்காரர்கள் துரிபானுக்கு வந்ததில் ஒரு குற்ற உணர்வும் கலந்திருந்திருக்கலாம் என்று நான் ஊகிக்கிறேன். படத்தில் யாரும் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை.

51+ அந்தச் சுழற்சியிலிருந்து தப்பியதா? தப்பவில்லை. இடிபாட்டுக்கு நடுவே நடந்த கச்சேரி என்ற பெயரே ஒரு கவர்ச்சிதான். செய்தியாளர்கள் வந்தார்கள், படமெடுத்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கவர்ச்சியின் மதிப்பைக் கட்டிடக்காரனால் வாடகையாக மாற்ற முடியவில்லை, ஏனென்றால் கட்டிடத்தை விட்டுக்கொடுக்க ஆட்கள் மறுத்தார்கள். 2010 ஜூலையில் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். மின்கிதாரை நம்பியிருக்கிற ஒரு இசைக்கு மின்சாரத்தை அறுப்பதைவிடப் பெரிய தணிக்கை உண்டா? ஆனாலும் கச்சேரி நிற்கவில்லை. 2011 மே தினத்தை ஒட்டி 51+ மறுபடி வந்தது. 2011 ஜூன் 8, மொத்தம் 531 நாட்கள் ஆனபின், கட்டிட முதலீட்டாளர் தரப்பு இறங்கிவந்து, அதே வட்டாரத்தில் கடையைத் திரும்பத் தொடங்கும் அளவுக்கு ஈடு தர ஒப்புக்கொண்டது. அந்த வருட முடிவில் துரிபான் வேறொரு தெருவில் திறந்தது. யூ சே-ரிம் அந்த 531 நாட்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார்.

படத்தைப் பற்றியும் என் மனக்குறை ஒன்றைச் சொல்லவேண்டும். படத்தின் பெயரே ‘பார்ட்டி 51’. கதை விழாவைச் சுற்றியும் இசைக்காரர்களைச் சுற்றியும் ஓடுகிறது. முன்னால் நிற்கிற இசைக்காரர்கள் அத்தனை பேரும் ஆண்கள். தகரத்தைப் பிரித்து உள்ளே போனவர் ஒரு பெண். 531 நாளும் வந்துபோகிறவர்களுக்கு நடுவே அங்கே குடியிருந்தவர். கச்சேரிக்கு வருகிறவன் இரவு பதினோரு மணிக்கு ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போகலாம். அவருக்குப் போக வேறு கடை இல்லை. திருவிழாவில் பார்ப்பவர் நடிப்பவர் பிரிவினை ஒழிந்துவிட்டது என்று நான் மேலே பக்தினை வைத்துச் சொன்னேனே, அந்த இடத்தில் சமைப்பவரையும் பாத்திரம் கழுவுபவரையும் நான் மறந்துபோனேன். பக்தினும் மறந்தார் என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை.

வெற்றிக்குப் பிறகு என்ன ஆனது? இசைக்காரர்கள் சிலர் அந்தக் கோடையிலேயே மியோங்தோங்கில் காலிசெய்யப்பட்ட ‘மாரி’ என்ற காபிக்கடைக்குப் போனார்கள். 51+ சில வருடங்கள் மே மாதத்தை ஒட்டி, இடம் மாறி மாறி நடந்தது. ஆனால் துரிபானில் இருந்த இறுக்கம் பின்னால் வரவில்லை என்றுதான் அதைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது தோன்றுகிறது. கூட்டுறவு நடத்துவது விழா நடத்துவதைவிடக் கடினம். எதிரி வாசலில் நிற்கும்போது கணக்கு வழக்கில் சண்டை வராது, எதிரி போனபிறகுதான் வரும். சின்னப் பத்திரிகை நடத்திய யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. ஹோங்தேயில் 2004லிருந்து ஒரு கவிஞர் நடத்திவந்த ‘சலோன் பாதாபி’ என்ற சின்ன இசைமன்றம் வாடகை தாங்காமல் 2015ல் மூடிற்று. அதைக் காப்பாற்ற எந்த 51+ம் வரவில்லை.

பெரிய விழாக்களின் கதையும் இதே காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2013 கோடையில் மட்டும் தென்கொரியாவில் ஐந்து பெரிய ராக் விழாக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுக்குக் கடன் அட்டை நிறுவனம் பெயர் கொடுத்து மெட்டாலிகாவைக் கூட்டிவந்தது. அடுத்த சில வருடங்களில் அவற்றில் பெரும்பாலானவை காணாமல் போயின. கணக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். நகர நிர்வாகத்தின் துணையோடு பென்டாபோர்ட் நிலைத்துவிட்டது. அங்கேயும் நல்ல குழுக்கள் வாசிக்கின்றன, நல்ல இசை கேட்கிறது. அதை இல்லையென்று சொல்வது பொய். துரிபான் வழியாக வந்தவர்களில் யாராவது அங்கே வாசிக்கப் போனால் துரோகி என்று முத்திரை குத்தவும் நான் தயாரில்லை. வாடகை கட்டவேண்டும் இல்லையா?

சட்டம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. வாடகைக்காரரின் பகடிப் பணத்துக்கு 2015ல்தான் ஓரளவு பாதுகாப்பு வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் காலம் ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமானது 2018ல். துரிபான் காலத்தில் இவை இருந்திருந்தாலும் முழுசாகக் காப்பாற்றியிருக்காது. கட்டிடத்தை இடிப்பதற்காக என்று வந்துவிட்டால் வாடகைக்காரரின் புதுப்பிக்கும் உரிமையில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

அந்த ரயில், துரிபானின் மின்சாரம் அறுபட்டிருந்த காலத்திலேயே, 2010 டிசம்பர் கடைசியில் ஹோங்தே வரை ஓடத்தொடங்கிவிட்டது. விமானத் துறைமுகத்தில் இறங்கிப் பெட்டியோடு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஹோங்கிக் பல்கலைக்கழக நிலையம். கொரிய இண்டி இசை கேட்க வருகிற வெளிநாட்டுப் பயணிகளும் அதில்தான் வருகிறார்கள்.